குறைதீர்ப்பாளர் பதவிக்கு ஆகும் செலவு யார் கணக்கில் பற்று?



அரசாங்கம் ஒரு புதிய பதவியை ஏற்படுத்துகிறது என்று செய்தி வந்தால், நம்மில் பலருக்கு உடனே தோன்றுவது, "இதற்கும் நம் வரிப்பணம்தானா?" என்ற கேள்வியே. இப்படிக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் தொழிலின் பாலபாடம். ஆனால் அளப்பது என்றால் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் செலவை வைத்துவிட்டு, மறு தட்டைக் காலியாக விட்டால் அது எடை ஆகாது.

ஊரக வேலைத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஏற்படுத்தப்பட்ட குறைதீர்ப்பாளர் பதவியைப் பற்றி வணிகர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. கூலிக்காரர்களின் சில்லறைப் புகாருக்கு இவ்வளவு செலவா என்பது ஒன்று. அந்தப் பதவி இருப்பதே தெரியாது என்பது மற்றொன்று. எங்கள் இண்டூர்ப் பக்கம் இரண்டாவது பேச்சுத்தான் அதிகம். ஆகவே விஷயத்தை முதலில் இருந்தே சொல்லிவிடுவது நல்லது.

பதவி எங்கிருந்து வந்தது?

அரசு அலுவலகத்தின் மீது குடிமகன் கொடுக்கும் புகாரை, அந்த அலுவலகத்தைச் சேராத ஒருவர் விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஸ்வீடன் நாட்டில் 1809-ஆம் ஆண்டு தொடங்கியது. அவர்கள் வைத்த பெயர்தான் 'ஓம்புட்ஸ்மன்'. நம் நாட்டில் 1966-இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் லோக்பால், லோகாயுக்தா அமைப்புகளைப் பரிந்துரைத்தது. மத்திய லோக்பால் சட்டம் 2013-இலும், தமிழ்நாட்டின் லோகாயுக்தா சட்டம் 2018-இலும் வந்தன. வங்கிகள் மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கி 1995-லேயே குறைதீர்ப்பாளரை ஏற்படுத்திவிட்டது. நமக்கும் வங்கிக்கும் வரும் வழக்குகளில் இதைப் பயன்படுத்திய வணிகர்கள் இருக்கிறார்கள்.

கிராமத்து ஏழைக்கு மாவட்ட அளவிலேயே இப்படி ஒருவர் கிடைத்தது 2009-இல்தான். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், அதாவது நம் மக்கள் சொல்லும் நூறு நாள் வேலை, 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008-இல் எங்கள் தருமபுரி உட்பட எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. அடுத்த ஆண்டே, மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளரை நியமிக்கும்படி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 27-ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட்டது. அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. வேலை அட்டை தராதது, வேலை கொடுக்காதது, வருகைப் பதிவேட்டில் கோளாறு, கூலிப் பாக்கி, அளவு குறைத்துப் போட்டது போன்ற புகார்களை அவர் விசாரிக்கலாம். புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.

செலவு எவ்வளவு?

இவருக்கு மாதச் சம்பளம் இல்லை. அமர்வுக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். முன்பு ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய் என்று இருந்தது. 2022-இல் அது ஓர் அமர்வுக்கு 2,250 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 45,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. மாதம் 20 அமர்வு நடத்தினால்தான் முழுத் தொகையும் வரும்.

இப்போது நம் முறையில் கணக்குப் போடுவோம். மாதம் 45,000 என்றால் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய். சென்னை நீங்கலாக உள்ள 37 மாவட்டங்களுக்கும் சேர்த்தால் ஆண்டுக்கு 1,99,80,000 ரூபாய். ஏறக்குறைய இரண்டு கோடி. இதற்கு மேல் ஓர் அறை, எழுத்து வேலைக்கு ஓர் ஆள், கிராமங்களுக்குப் போய்வர வண்டி ஆகிய செலவுகள் உண்டு. இவை திட்டத்தின் நிர்வாகச் செலவில் அடங்கும். மொத்தச் செலவில் 6 சதவீதம்தான் நிர்வாகத்துக்கு என்று வரம்பு வைத்திருந்ததால், இதற்கென்று தனியாக ஒரு வரியும் போடப்படவில்லை.

மறு தட்டுக்கு வருவோம். 2025-26 ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் நாள் கூலி 336 ரூபாய். ஓர் ஊராட்சியில் 300 பேர் வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்தால் கூலி 6,04,800 ரூபாய் ஆகிறது. ஒரே ஊராட்சி, ஒரே வாரம்! மாவட்டம் முழுவதற்குமான குறைதீர்ப்பாளரின் ஓராண்டு மதிப்பூதியத்தைவிட இது அதிகம். ஒரே ஓர் ஊராட்சியில், ஒரு வாரக் கூலி தவறான கணக்குக்குப் போகாமல் தடுத்துவிட்டால் அவருடைய ஆண்டுச் செலவு அடைபட்டுப் போகிறது.

"ஒரு கூலியாளின் ஒரு வாரப் பாக்கி 2,016 ரூபாய். அதை விசாரிக்கும் அமர்வுக்கு 2,250 ரூபாயா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் ஆயிற்றே!" என்று சிலர் கேட்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு அமர்வில் ஒரு புகார்தான் என்று விதி இல்லை. தவிரவும் இத்திட்டத்தில் கோளாறு தனி ஆளுக்கு வருவது குறைவு. வருகைப் பதிவேட்டில் ஒரு தாள் கெட்டால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் கூலி நிற்கும். தராசில் எடைக்கல் தவறாக இருந்தால் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டுமா எடை குறையும்? கல்லைச் சரி செய்யும் செலவை ஒரு வாடிக்கையாளர் வாங்கிய பருப்பின் விலையோடு ஒப்பிடுவது கணக்கு அல்ல.

மளிகைக் கடையின் பேரேட்டில்

இதில் வணிகர்களுக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். கிராமத்து மளிகைக் கடையின் கடன் நோட்டைப் புரட்டினால் கூலி எப்போது வந்தது, எப்போது நின்றது என்று தேதி வாரியாகத் தெரிந்துவிடும். கூலி வந்த வாரம் அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு எல்லாம் ரொக்கத்தில் போகும். கூலி நின்றால் அதே சரக்கு அதே அளவு போகும். ஆனால் நோட்டில் ஏறும். இரண்டு மாதம் கூலி நின்றால் சில்லறைக் கடைக்காரர் மொத்தக் கடைக்குத் தர வேண்டிய தவணை தவறும். மொத்தக் கடைக்காரர் மில்லுக்கும் கம்பெனிக்கும் தர வேண்டியது தவறும். சரக்குச் சேவை வரியோ அந்தந்த மாதம் கட்டியாக வேண்டும். ஆக, அரசு கொடுக்க வேண்டிய கூலிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பது நம் கல்லாதான்.

கூலி தாமதத்துக்கு நட்ட ஈடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வருகைப் பதிவேடு முடிந்து 15 நாளைக்குள் கூலி வர வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் பாக்கிக் கூலியில் 0.05 சதவீதம் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொன்னது. நம் பாஷையில் சொன்னால், மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. மேலே சொன்ன 300 பேரின் ஒரு வாரக் கூலி கெடு தாண்டி ஒரு மாதம் தாமதமானால் நட்ட ஈடு 9,072 ரூபாய். சட்டத்தில் இருந்தாலும், கேட்க ஆள் இருந்தால்தான் இது கைக்கு வரும்.

எல்லையோரத்தில் ஏன் இது முக்கியம்?

தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் கர்நாடக எல்லை. பென்னாகரம் வட்டாரத்து மலைக் கிராமங்களின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததே. வட்டுவனஅள்ளி ஊராட்சியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மீதுதான் ஏறின. அப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒரு மனு கொடுக்க மாவட்டத் தலைநகருக்கு வந்து போவதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் கூலி 1,008 ரூபாய் நஷ்டம். பாக்கியோ 2,016 ரூபாய். பாதி அலைச்சலிலேயே போய்விடும் என்று தெரிந்த எவரும் வர மாட்டார். வராததால் அந்த ஊரில் குறையே இல்லை என்று கோப்பு சொல்லும்.

இன்னொன்று, இந்தப் பக்கத்து மக்கள் மானாவாரி விவசாயம் பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். சில மாதம் கழித்துத் திரும்பி வரும்போது ஒருவருக்கு வேலை அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருக்கும். மற்றொருவருக்கு ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் ஒரு எழுத்து என்று இருக்கும். 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமாக்கப்பட்ட பிறகு, இந்த எழுத்துப் பிழைக்குக் கூலி நிற்கும் நிலை வந்தது. ஊராட்சிச் செயலர் வங்கியைக் காட்டுவார், வங்கி ஒன்றிய அலுவலகத்தைக் காட்டும். இரு தரப்பையும் ஒரே நாளில் உட்கார வைத்துக் கேட்க ஒருவர் வேண்டும். குறைதீர்ப்பாளரின் உண்மையான உபயோகம் இங்கேதான்.

காலங்கடந்து கேட்டால் ஆகும் செலவு

எல்லையோர மக்களின் புகாரைக் கேட்க ஆள் இல்லாவிட்டால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் நம் பகுதியின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். வீரப்பனைப் பிடிப்பதற்காக 1990-களில் இரு மாநிலச் சிறப்பு அதிரடிப்படைகள் எல்லைக் காடுகளில் இருந்தன. 2004 அக்டோபர் 18 அன்று எங்களுக்கு அருகே பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் அவன் சுட்டுக் கொல்லப்பட்டதுடன் அந்தக் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் விசாரணைக்குக் கொண்டு போகப்பட்டுத் துன்புறுத்தப்பட்டோம் என்று மலை மக்கள் கொடுத்த புகார்கள் வருடக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்தன. கடைசியில் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குழு அறிக்கை தந்தது 2003-இல். 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரும்படி ஆணையம் சொன்னது 2007 ஜனவரியில்.

அந்தத் துன்பத்துக்கு விலை போட முடியாது. கூலிப் புகாரோடு அதை ஒப்பிடவும் கூடாது. கூலித் திட்டக் குறைதீர்ப்பாளர் காவல்துறைக் குற்றத்தை விசாரிப்பவரும் அல்ல. ஆனாலும் பொதுச் செலவு என்று பார்க்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆரம்பத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாத இடத்தில், பிற்பாடு விசாரணைக் குழு, அறிக்கை, நிவாரணம் என்று கருவூலமே பற்று எழுத வேண்டி வருகிறது. வாங்கிக் கொள்ள வேண்டியவர்களில் சிலர் அதற்குள் உயிரோடு இருப்பதில்லை.

கேரளத்தின் சிக்கனம்

செலவைக் கட்டுக்குள் வைக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. கேரளத்தில் உள்ளாட்சிகள் மீதான புகாருக்கு 2000-இல் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஏழு பேர் கொண்ட அமைப்பை ஏற்படுத்தினார்கள். அவ்வளவு பெரிய அமைப்பு வேண்டாம் என்று 2001-இல் அதை ஒரே நபர் அமைப்பாகச் சுருக்கினார்கள். அந்த ஒருவர் தலைநகரிலேயே இராமல் மாவட்டங்களுக்குப் போய் முகாம் அமர்வுகள் நடத்துகிறார். ஆளைக் குறைத்தார்கள், கேட்பதைக் குறைக்கவில்லை. சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம்.

இதற்கு நேர்மாறான சிக்கனமும் உண்டு. இருக்கிற அதிகாரி ஒருவரையே கூடுதல் பொறுப்பாகக் குறைதீர்ப்பு அலுவலர் என்று அறிவித்துவிடுவது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரைப் புதிதாக நியமிக்கலாம் அல்லது இருப்பவரையே குறித்துக் காட்டலாம் என்று இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டாவது வழியில் காசு செலவில்லை. ஆனால் அரசு இயந்திரத்தின் மீதான புகாரை அந்த இயந்திரத்தின் ஒரு சக்கரமே விசாரிக்கும். கடையில் கணக்கு எழுதுபவரையே தணிக்கைக்கும் வைத்துக்கொண்டால் கூலி மிச்சம்தான். எந்த முதலாளி அப்படிச் செய்வார்?

இடத்தைக் காலியாகவே போட்டு வைப்பது மூன்றாவது சிக்கனம். இது பல மாநிலங்களில் நடந்தது. 2022-23 முதல் 80 சதவீத மாவட்டங்களிலாவது குறைதீர்ப்பாளரை நியமிக்காத மாநிலத்துக்குத் திட்ட நிதி கிடைக்காது என்று மத்திய அமைச்சகம் எச்சரிக்கும் அளவுக்குப் போனது.

குறைதீர்ப்பாளரால் ஆகாதவை

இந்தப் பதவியால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொன்னால் அது கலப்படச் சரக்கு. 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் கூலி நின்றபோது காரணம் ஊராட்சியும் அல்ல, ஒன்றியமும் அல்ல. மத்திய அரசிடமிருந்து நிதி வரவில்லை. கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாதத்தில் நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில ஆளுங்கட்சி போராட்டமே நடத்தியது. அந்தப் பணத்தை எந்த மாவட்டக் குறைதீர்ப்பாளரும் வரவழைத்திருக்க முடியாது. குழாய் அடைத்தால் அவர் எடுப்பார். ஏரியே வறண்டால் அவர் என்ன செய்வார்?

நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கும் மண்டிக்கும் ஆள் கிடைக்கவில்லை என்று வணிகர்களிலேயே பலருக்கு வருத்தம் உண்டு. அது திட்டத்தைப் பற்றிய வாதம். திட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தனியே பேசிக்கொள்ளலாம். செய்து முடித்த வேலைக்குக் கூலி வர வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

இனி நம் மாநிலக் கணக்கிலும்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஊரக வேலைச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. 100 நாளுக்குப் பதில் 125 நாள் என்கிறது. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசின் செலவு. புதிய சட்டமோ நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 60-க்கு 40 என்று பங்கு பிரிக்கிறது. ஆகவே தவறான கணக்கில் போகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நாற்பது ரூபாய் இனி மாநிலத்தின் கையிலிருந்து போகும். நிர்வாகச் செலவு வரம்பையும் 6 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக உயர்த்தியிருக்கிறார்கள். பணம் இல்லாததால் குறை கேட்க முடியவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை.

எனவே நம் சங்கக் கிளைகள் தத்தம் மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் யோசனை.

ஒன்று, குறைதீர்ப்பாளர் இடம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் காலம் முடிவதற்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு, அமர்வுகளில் பாதியாவது ஒன்றியத் தலைநகரிலும் மலையடிவாரத்திலும் நடக்க வேண்டும். சந்தை கூடும் நாளில் வைத்தால் மக்கள் தாமாக வருவார்கள். ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

மூன்று, அவருடைய பெயர், தொலைபேசி எண், அடுத்த அமர்வின் தேதி ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்ட வேண்டும். நம் கடைகளிலும் ஒட்டலாம். நம் கடைக்கு வராத குடும்பம் எது?

நான்கு, எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது, எவ்வளவு கூலி திரும்பக் கிடைத்தது, உத்தரவை நிறைவேற்றாதவர் மீது என்ன நடவடிக்கை என்று ஆண்டுக்கு ஒரு முறை ஐந்தொகை போல வெளியிட வேண்டும். அமர்வுக்குக் காசு வாங்கி உத்தரவு போட்டு, அந்த உத்தரவு அலமாரியில் தூங்கினால், அந்த 5,40,000 ரூபாயும் வீண் செலவுதான். அதைச் சொல்லவும் நாம் தயங்கக் கூடாது.

கடைக்காரர்களால் இன்றே ஆகக்கூடிய ஒரு காரியமும் உண்டு. கூலி வரவில்லை என்று கடன் கேட்டு வருபவரிடம், எந்த வாரத்துக் கூலி, வேலை அட்டை எண் என்ன, வங்கிப் புத்தகத்தில் கடைசியாக எப்போது வரவு என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாதி மனு அதுவே. எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் அந்தத் தாள் இருந்தால் அலுவலகத்தில் அவரைச் சுலபமாகத் திருப்பி அனுப்ப முடியாது. இதற்கு நமக்கு ஆகும் செலவு ஒரு தாளும் ஐந்து நிமிஷமும். அந்தக் கூலி வந்து சேர்ந்தால், நம் நோட்டில் நிற்கும் பாக்கிக்கும் வழி பிறக்கும்.